சாட்சிகள் முரண்படும் இடம்

(குழந்தைகளின் மனநலம் குறித்து நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். மேடையில் சொன்ன சில கிளைக்கதைகளும் கேள்வி நேரமும் இங்கே விடப்பட்டுள்ளன. குழந்தைகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன.)



இந்தச் சொற்பொழிவு ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையின் நினைவாக நடக்கிறது. ஒரு மருத்துவரின் பெயரால் நடந்திருந்தால் நான் கொஞ்சம் தயங்கியிருப்பேன். ஏனென்றால் இன்று நான் சொல்லப்போவதில் மருத்துவரைவிட ஆசிரியைக்குத்தான் வேலை அதிகம்.

ஒரு துணிக்கடைப் பையிலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், புறநோயாளிப் பிரிவில் கூட்டம் வடியத் தொடங்கிய நேரத்தில், ஒரு தாய் அந்தப் பையை என் மேசைமேல் வைத்தார். உள்ளே மூன்று கோப்புகள். ஒன்பது வயது மகனுக்கு மூன்று இடங்களில் வைத்த மூன்று பெயர்கள். முதல் கோப்பில் 'ஏடிஹெச்டி', அதாவது கவனக்குறைவும் மிகைச்செயல்பாடும். இரண்டாவதில் அறிவுத்திறன் குறைவு. மூன்றாவதில் எதிர்த்து நிற்கும் நடத்தைக் கோளாறு. பையன் சுவரோரம் நின்று மின்விசிறியின் ரெகுலேட்டரைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா கேட்டார்: "இதுல எது நிஜம் டாக்டர்? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க, நான் அதையே நம்பிக்கிறேன்."

அந்த மூன்று மருத்துவர்களையும் குறை சொல்ல நான் வரவில்லை. மூவரும் கண்டதைத்தான் எழுதினார்கள். ஒருவர் பள்ளி கொடுத்தனுப்பிய கடிதத்தை வைத்து எழுதினார். இன்னொருவர் ஒரு மணிநேரச் சோதனையில் வந்த எண்ணை வைத்து எழுதினார். மூன்றாமவர் அன்றைக்கு அறையில் அவன் காட்டிய கோபத்தை வைத்து எழுதினார். ஆளுக்கொரு சாட்சியை விசாரித்து ஆளுக்கொரு தீர்ப்பு.

என் வாதம் இதுதான். குழந்தையின் மனநலத்தைச் சரியாகக் கண்டறிவது மருத்துவரின் கூர்மையைவிட, அவர் எத்தனை சாட்சிகளைக் கூப்பிட்டார் என்பதைப் பொறுத்தது. அந்தச் சாட்சிகள் ஒருவருக்கொருவர் முரண்படுவார்கள். அதைத் தொல்லையென்று ஒதுக்கக் கூடாது; அங்கேயே நின்று தோண்ட வேண்டும்.

மருத்துவச் சொற்பொழிவு என்றால் குறளில் தொடங்குவது வழக்கம். 'மருந்து' அதிகாரத்தின் புகழ்பெற்ற குறள் எல்லா ஆஸ்பத்திரிச் சுவரிலும் இருப்பதால் அதை விட்டுவிடுகிறேன். அதே அதிகாரத்தின் கடைசிக் குறளை மட்டும் நினைவூட்டுகிறேன். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருப்பவர் என்று மருத்துவத்தை நான்கு பங்காக்குகிறார் வள்ளுவர். உடனிருப்பவருக்கும் ஒரு முழுப் பங்கு. குழந்தை மனநலத்தில் அந்தப் பங்கு இன்னும் பெரியது என்பேன்.

1. இரத்தத்தில் தெரியாத நோய்

டைபாய்டுக்கு இரத்தம் எடுக்கலாம். எலும்பு முறிவுக்குப் படம் எடுக்கலாம். ஆட்டிசத்துக்கோ, ஏடிஹெச்டிக்கோ, ஒரு குழந்தையின் மனச்சோர்வுக்கோ அப்படி ஒரு பரிசோதனை இல்லை. 'பிரெயின் மேப்பிங்' எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று யாராவது சொன்னால், பர்ஸைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் இருப்பதெல்லாம் கேட்டறிந்ததும் பார்த்தறிந்ததும்தான்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல், மனநலக் கோளாறுகளை வரையறுக்கும் டி.எஸ்.எம். கையேட்டின் ஐந்தாம் பதிப்பை வெளியிடுவதற்கு முன் ஒரு சோதனை நடத்தியது. ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்தால் இருவரும் ஒரே முடிவுக்கு வருகிறார்களா? முழு ஒற்றுமைக்கு 1, பூவா தலையா போட்டதுபோல் இருந்தால் 0. குழந்தைகளின் ஆட்டிசத்துக்குக் கிடைத்த மதிப்பு 0.69, ஏடிஹெச்டிக்கு 0.61. பரவாயில்லை. ஓயாத எரிச்சலும் வெடிக்கும் கோபமுமாக இருக்கும் குழந்தைகளுக்கென்று அந்தப் பதிப்பில் புதிதாகச் சேர்த்த கோளாறுக்கு 0.25. பயிற்சி பெற்ற மருத்துவர்கள், நல்ல மருத்துவமனைகள், கையில் புத்தகம், அப்படியும் 0.25.

மருத்துவர்களே இப்படியென்றால் சாட்சிகள் எப்படி? 1987-இல் உளவியலாளர் தாமஸ் ஆக்கன்பாக்கும் அவருடைய சகாக்களும் 119 ஆய்வுகளைத் திரட்டி ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரே குழந்தையைப் பற்றி அம்மாவும் அப்பாவும் சொல்வது ஓரளவு ஒத்துப்போகிறது, ஒட்டுறவு 0.6 அளவில். பெற்றோரும் ஆசிரியரும் சொல்வதை ஒப்பிட்டால் அது 0.28-க்கு இறங்கிவிடுகிறது. குழந்தை தன்னைப் பற்றிச் சொல்வதையும் மற்றவர்கள் அதைப் பற்றிச் சொல்வதையும் ஒப்பிட்டால் 0.22.

இந்த எண்களை முதன்முதலில் படித்தபோது நான் பயிற்சி மருத்துவன். 'அப்படியானால் யாரோ பொய் சொல்கிறார்கள்' என்றுதான் தோன்றியது. ஆக்கன்பாக் அப்படிப் படிக்கவில்லை. ஒருவர் இன்னொருவருக்கு மாற்றாக முடியாது என்று படித்தார். வீட்டில் இருக்கும் பிள்ளை வேறு, வகுப்பில் இருக்கும் பிள்ளை வேறு, தனக்குள் இருக்கும் பிள்ளை வேறு. மூன்றும் உண்மை.

2. சாட்சியைக் கூண்டில் ஏற்றிய கதை

1938-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரிலிருந்து ஒரு வழக்கறிஞர், தம் ஐந்து வயது மகனைப் பற்றி 33 பக்கங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். பையன் எதைச் சுழற்றிவிட்டு ரசிக்கிறான், எந்தச் சொல்லை எப்படித் திருப்பிச் சொல்கிறான், யார் வந்தாலும் போனாலும் ஏன் தலைநிமிர்ந்து பார்ப்பதில்லை என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தார். கடிதம் போய்ச் சேர்ந்த இடம் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. படித்தவர் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர். 1943-இல் அவர் 11 குழந்தைகளை விவரித்து எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் என்ற நிலை இன்றைய பொருளில் மருத்துவத்துக்குள் நுழைந்தது. அந்தப் பதினொருவரில் முதல் குழந்தை, கடிதத்தில் இருந்த டொனால்ட். ஆட்டிசத்தின் பிறப்புச் சான்றிதழ் என்று ஒன்று இருக்குமானால் அதில் ஒரு தகப்பனின் கையெழுத்தும் இருக்கிறது.

ஆனால் கானர் அடுத்து என்ன செய்தார்? இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறாரே, இந்தத் தகப்பனுக்கே ஏதோ பிடிவாதக் கோளாறு இருக்குமோ என்று அந்தக் கடிதத்தை வைத்தே ஐயப்பட்டார். ஆட்டிசம் பிறவியிலேயே வருவது என்று 1943 கட்டுரையில் எழுதியவர், பிற்காலத்தில் பெற்றோரின் குளிர்ந்த மனத்தைக் காரணம் காட்டவும் செய்தார். 'குளிர்பதனப்பெட்டித் தாய்' என்ற கொடிய தொடர் அந்தச் சூழலில் பரவியது. 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் ஒரு முழுப் புத்தகத்தையே அந்தக் குற்றச்சாட்டின்மேல் கட்டினார். பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், தாமும் ஆட்டிசக் குழந்தையின் தகப்பன், 1964-இலேயே மறுத்து எழுதியிருந்தார். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்து பரம்பரையின் பங்கைக் காட்டிய பிறகுதான் தாய்மார்கள் மெல்லக் கூண்டிலிருந்து இறங்கினார்கள்.

இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. என் அறைக்கு வரும் தாய்மார்களில் பலர் உட்கார்வதற்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். "நான் வேலைக்குப் போனதாலயா டாக்டர்?" "மாமியார் சொல்றாங்க, நான் போனைக் கையில குடுத்துக் கெடுத்துட்டேனாம்." இப்போது 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்ற பெயர் வேறு புழக்கத்தில் இருக்கிறது. டி.எஸ்.எம். கையேட்டிலும் அது இல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இல்லை. இரண்டு வயதுக் குழந்தையிடம் போனைக் கொடுக்காதீர்கள். அது நல்ல அறிவுரை. ஆனால் அறிவுரை வேறு, கண்டறிதல் வேறு.

குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சி சொல்ல மாட்டார். தற்காப்புதான் பேசுவார். பயந்துபோன தாய், குழந்தை எட்டு மணிநேரம் டிவி பார்ப்பதை ஒரு மணி என்பார். ஒன்றரை வயதில் வந்து பிறகு மறைந்துபோன நான்கு சொற்களைச் சொல்லாமலே விடுவார். அந்த நான்கு சொற்கள் மறைந்த செய்திதான் நமக்கு வேண்டியது.

3. வீடு ஒன்று சொல்லும், பள்ளி ஒன்று சொல்லும்

ஆறு வயதுச் சிறுமி. "ஊமைன்னு நினைக்கிறோம், ஆட்டிசமா இருக்கலாம்" என்று பள்ளி எழுதியனுப்பியது. என் முன்னாலும் வாய் திறக்கவில்லை. கண்ணைப் பார்க்கவில்லை. அந்த ஒரு மணிநேரத்தை மட்டும் வைத்து எழுதியிருந்தால் பள்ளி சொன்னதையே நானும் எழுதியிருப்பேன். அப்பா ஒரு ஆட்டோ ஓட்டுநர். தயங்கித் தயங்கித் தன் போனை நீட்டினார். அதில் அந்தப் பெண் தம்பியை மாணவனாக உட்காரவைத்து, கையில் அடிஸ்கேலோடு, தன் வகுப்பு மிஸ்ஸைப் போலவே பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். குரலின் ஏற்ற இறக்கம், 'என்ன அங்க சத்தம்?' என்ற அதட்டல், எல்லாம் அச்சு அசல். மற்றவரின் மனத்தையும் தொனியையும் இவ்வளவு வாங்கிக்கொண்ட குழந்தைக்கு ஆட்டிசம் என்று எழுதக் கை வராது. இது வீட்டுக்கு வெளியே தொண்டையை அடைத்துவிடும் பதற்றம். செலக்டிவ் மியூட்டிசம் என்பார்கள். வேறு நோய், வேறு வைத்தியம். ஒன்றரை நிமிட வீடியோ அந்தக் குழந்தைக்குச் சில ஆண்டுகளை மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

ஏடிஹெச்டி என்று எழுத டி.எஸ்.எம். கேட்பவற்றைப் பாருங்கள். கவனக்குறைவு, மிகைச்செயல்பாடு என்ற இரண்டு பட்டியல்களில் ஏதேனும் ஒன்றிலாவது ஒன்பதில் ஆறு அறிகுறிகள் இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் தென்பட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் அவசரத்தில் முதலில் கைவிடுகிறோம். பள்ளியில் மட்டும் துள்ளுகிற பிள்ளைக்குப் பள்ளியில் ஏதோ பிரச்சினை. வீட்டில் மட்டும் துள்ளுகிற பிள்ளைக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை.

இன்னொரு கேள்வியும் உண்டு. எந்தப் படிவத்திலும் இருக்காது. 'வகுப்பில் இவன்தான் சின்னவனா?' கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பள்ளிச் சேர்க்கைக்கு டிசம்பர் 31 எல்லை. டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு, ஜனவரியில் பிறந்த வகுப்புத் தோழர்களைவிட ஏடிஹெச்டி என்று எழுதப்பட்டது 30 சதவீதம் அதிகம். பெண்களில் 70 சதவீதம் அதிகம். 2012-இல் வெளியான ஆய்வு. அமெரிக்காவில் செப்டம்பர் 1 எல்லையாக உள்ள மாநிலங்களில் ஆகஸ்டு மாதப் பிள்ளைகளுக்கு 34 சதவீதம் அதிகம் என்று 2018-இல் கண்டார்கள். ஆகஸ்டில் பிறந்தால் மூளை வேறாகிவிடுமா என்ன? அந்தக் குழந்தை பக்கத்து நாற்காலிக் குழந்தையைவிட ஏறக்குறைய ஒரு வயது சிறியது. ஆசிரியர் அந்தப் பக்கத்து நாற்காலியோடு ஒப்பிடுகிறார், அவ்வளவுதான். நம் ஊரில் இதற்குத் தனிச் சுவை உண்டு. என் தலைமுறையில் பாதிப் பேருக்குப் பள்ளிக் கணக்கில் மே, ஜூன் மாதங்களில்தான் பிறந்தநாள். தலைமை ஆசிரியர் கையைத் தலைக்கு மேலாகச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, தொட்டதும் ஒரு தேதி போட்டுவிடுவார். இப்போது பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, சரி. ஆனால் இரண்டரை வயதிலேயே பிரிகேஜியில் சேர்க்கும் அவசரமும் கூடவே வந்திருக்கிறது. நான் ஓ.பி. சீட்டில் உள்ள வயதைப் பார்ப்பதில்லை. பிறந்த மாதத்தைக் கேட்கிறேன்.

4. உடம்பு என்னும் சாட்சி

இந்தப் பகுதியில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏழு வயதுப் பெண். ஆசிரியையின் புகார்: கூப்பிட்டால் திரும்புவதில்லை, கரும்பலகையிலிருந்து எழுதும்போது நடுவில் விட்டுவிடுகிறாள், 'பகல் கனவு' காண்கிறாள். பெற்றோரும் கவனமில்லை என்றார்கள். வீடு, பள்ளி இரண்டிலும் ஒரே வாக்குமூலம். மதிப்பீட்டுப் படிவத்தில் எண்கள் அழகாகக் கூடின. கவனக்குறைவு வகை ஏடிஹெச்டி என்று எழுதினேன். ஆறு மாதம் மருந்து கொடுத்தேன். முன்னேற்றமில்லை, மருந்தின் அளவைக் கூட்டினேன்.

ஒருநாள் பெற்றோருக்கு வேலை, பாட்டி அழைத்துக்கொண்டு வந்தார். அதுவரை அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், உள்ளே கூப்பிட்டதில்லை. பாட்டி சொன்னார்: "சோத்துல கைய வெச்சபடி அப்படியே நின்னுரும் சாமி. கண்ணு மட்டும் படபடன்னு அடிக்கும். நான் பத்து எண்ணறதுக்குள்ள ஒண்ணுமே நடக்காத மாதிரி சாப்பிட ஆரம்பிச்சுரும்."

என் மேசையில் ஒரு காகிதக் காற்றாடி இருந்தது. அதைக் கொடுத்து விடாமல் ஊதச் சொன்னேன். இரண்டாவது நிமிடத்தில் ஊதுவது நின்றது. இமைகள் துடித்தன. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், பதிலில்லை. சில நொடிகளில் மறுபடியும் ஊதத் தொடங்கினாள், நின்றதே தெரியாமல். ஆப்சன்ஸ் வலிப்பு. கீழே விழாது, நுரை தள்ளாது, கைகால் இழுக்காது. சில நொடிகள் விளக்கணைந்து எரிவதுபோல். ஒரு நாளில் பத்து, இருபது, அதற்கு மேலும் வரும். வேகமாக மூச்சுவிட்டால் தூண்டப்படும். இ.இ.ஜி.யில் நொடிக்கு மூன்று என்ற கணக்கில் கூர் அலைகள் வரும், அவளுக்கும் வந்தன. வலிப்பு மருந்து தொடங்கியதும் 'பகல் கனவு' ஓய்ந்தது.

நான் எல்லாப் படிவத்தையும் நிரப்பியிருந்தேன். 'கவனம் சிதறுகிறதா' என்று படிவம் கேட்கும். 'சோற்றில் கை நிற்கிறதா' என்று கேட்காது. இரண்டு சாட்சிகள் ஒத்துப்போனதும் எனக்குத் திருப்தி வந்துவிட்டது. மூன்றாவது சாட்சி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முரண்பாடே இல்லாத வழக்கில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பேச்சு தாமதமென்றால் முதலில் காதைச் சோதியுங்கள். தட்டைத் தட்டினால் திரும்புகிறானே என்பது செவித்திறன் சோதனை ஆகாது. நடுக்காதில் நீர் கோத்த குழந்தைக்கு ஓசை கேட்கும், பேச்சு தெளிவாகக் கேட்காது. வாயைத் திறந்து குறட்டை விடும் குழந்தைக்கு அடினாய்டு வீங்கியிருக்கலாம்; இரவில் தூக்கம் கெட்ட குழந்தை பகலில் சோர்ந்து படுக்காது, பெரும்பாலும் துள்ளும். இரத்தசோகையை மறக்காதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. எரிச்சலும் கவனமின்மையும் அங்கிருந்தும் வரும். தைராய்டு, கண் பார்வை. இவையெல்லாம் மலிவான சோதனைகள். மனநல மருத்துவரிடம் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டியவை.

5. குழந்தையின் வாக்குமூலம்

0.22 என்ற எண்ணை நினைவில் வைத்திருக்கிறீர்களா? நம் வீடுகளில் குழந்தையை முன்னால் வைத்துக்கொண்டே அதைப் பற்றிப் பேசுவோம். "இவனுக்கு எதுவும் தெரியாது டாக்டர்." அவன் கேட்டுக்கொண்டிருப்பான்.

ஒன்பது வயதுக் குழந்தை 'மனச்சோர்வு' என்று சொல்லாது. வயிறு வலிக்கிறது என்று சொல்லும். அதுவும் திங்கட்கிழமை காலையில் சொல்லும். குழந்தையின் சோகம் பல வேளைகளில் கோபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். பெற்றோரும் ஆசிரியரும் சட்டையைத்தான் பார்ப்பார்கள். அதனால் எத்தனை கூட்டம் இருந்தாலும் குழந்தையோடு தனியே சில நிமிடங்கள் வேண்டும். கேள்வி கேட்பதற்கு முன்னால் கிரேயான் கொடுங்கள். திடீரென்று மாறிப்போன குழந்தையிடம், படுக்கையை நனைக்கத் தொடங்கிய குழந்தையிடம், யாராவது தொடக்கூடாத விதத்தில் தொட்டார்களா என்பதையும் கேட்டே ஆக வேண்டும். பெற்றோர் முன்னால் அதற்குப் பதில் வராது. வந்துவிட்டால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிப்பது நம் கடமை. குடும்ப மானம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

மொழி என்று ஒன்று இருக்கிறது. உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே 1905-இல் பாரிஸில் தம் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கியது, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான். முத்திரை குத்துவதற்காக இல்லை. அது காமத் வழியாக இந்தியாவுக்கு வந்து பினே-காமத் சோதனை ஆனது. வெக்ஸ்லரின் குழந்தைகள் சோதனை மாலின் வழியாக வந்தது. இரண்டும் இன்னும் நம் மருத்துவமனைகளில் புழங்குகின்றன. நான் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசி, தெருவில் தமிழ் பேசி, ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு எந்த மொழியில் சோதனை வைத்தீர்கள்? அறிக்கையில் எண் இருக்கும். மொழி எழுதியிருக்காது.

பெண் குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. என் அறைக்கு வருபவர்களில் பையன்களே அதிகம். சில நோய்களே ஆண் பிள்ளைகளிடம் அதிகம்தான். ஆனால் தொல்லை கொடுக்கிற குழந்தையைத்தான் யாரும் அழைத்து வருவார்கள். மூலையில் அமைதியாக இருந்து, மற்ற பெண்களைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பதற்குக் கற்றுக்கொண்ட ஆட்டிசப் பெண்ணை 'அடக்கமான பொண்ணு' என்று பாராட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

6. காலமும் சாட்சிதான்

ரோமானியாவின் அனாதை இல்லங்களிலிருந்து பிரிட்டனுக்குத் தத்துப் போன 165 குழந்தைகளை மைக்கேல் ரட்டரின் குழு பல்லாண்டுகள் பின்தொடர்ந்தது. நான்கு வயதில் சிலரைப் பார்த்தால் அப்பட்டமான ஆட்டிசம் போலவே இருந்தது. பாசமும் பேச்சும் கிடைத்த சூழலில் ஆறு வயதுக்குள் அவர்களில் பலரிடம் அந்தச் சாயல் தணிந்தது. போலி ஆட்டிசம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒருநாள் எடுத்த புகைப்படத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். வித்தியாசத்தைக் காலம் காட்டியது.

காலத்தைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் 1994-95-இல், இளையோர் 1,00,000 பேருக்கு 25 என்ற அளவில் இருமுனைக் கோளாறுக்கான மருத்துவர் சந்திப்புகள் இருந்தன. 2002-03-இல் அது 1,003 ஆனது. எட்டே ஆண்டில் நாற்பது மடங்கு. எரிந்து விழுகிற பிள்ளைகள் எல்லாம் அந்தப் பெயருக்குள் போனார்கள், வீரியமான மருந்துகளும் பின்னாலேயே போயின. முன்னே சொன்ன 0.25 கோளாறு, அந்த வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட அணைதான். அணையும் உறுதியாக இல்லை என்பது வேறு விஷயம்.

அதற்காக, 'அவங்க அப்பாகூட லேட்டாத்தான் பேசினாரு' என்று காத்திருக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெயருக்குக் காத்திருக்கலாம், பயிற்சிக்குக் காத்திருக்கக் கூடாது. பேச்சுப் பயிற்சி தொடங்க ஆட்டிசம் என்று உறுதியாக வேண்டியதில்லை. நான் முதல் பார்வையில் எழுதும் பெயரின் பக்கத்தில் 'தற்போதைக்கு' என்று எழுதி, மறுபடி பார்க்கும் தேதியையும் போடுகிறேன். சில பெற்றோருக்கு அது பிடிப்பதில்லை.

7. சான்றிதழ்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உள்ளன. அடையாள அட்டை, தேர்வில் கூடுதல் நேரம், எழுதித்தர ஒருவர் என்று உதவிகள் பெயர் இருந்தால்தான் கிடைக்கும். ஆகவே பெயரை நான் இகழவில்லை. ஆனால் அலுவலகத்துக்கு ஒரு சொல் போதும், குழந்தைக்குப் போதாது. ஆட்டிசத்தை அளக்கும் இந்திய அளவுகோலில் 40 கேள்விகள். கூட்டினால் 70 வந்தால் கோட்டுக்கு அந்தப் பக்கம். 69 வந்த குழந்தைக்கும் 71 வந்த குழந்தைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எந்தத் தாயாவது கேட்டால், அரசாணை இருக்கிறது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. அதனால் கோப்பில் பெயரை எழுதிவிட்டு, கூடவே ஒரு பக்கம் எழுதித் தருகிறேன்: இந்தக் குழந்தைக்கு எது வரும், எது வராது, எப்போது மோசமாகும், எதனால் தணியும், வீட்டில் யார் கைகொடுப்பார். தமிழில்தான் எழுதுகிறேன். அடுத்த வகுப்பு ஆசிரியை அதைத்தான் படிப்பார்.

துணிக்கடைப் பையை மறந்துவிடவில்லை.

அன்றைக்கு மூன்று கோப்புகளையும் மூடி வைத்துவிட்டு, பையனின் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டேன். டூவீலர் மெக்கானிக். பையன் சனி, ஞாயிறுகளில் கடைக்குப் போவான். அடுத்த முறை அப்பாவையும் வரச் சொன்னேன். அவர் சொன்னார்: "கார்புரேட்டரைப் பிரிச்சுக் குடுத்தா மூணு மணி நேரம் தலையத் தூக்க மாட்டான் சார். பிரிச்ச வரிசையிலயே திருப்பி மாட்டிடுவான்." பள்ளிக் கடிதமோ பத்து நிமிடம் உட்கார மாட்டான் என்கிறது. சோதனை எண்ணோ புத்தி குறைவு என்கிறது. மூன்றும் உண்மையாக இருக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. வகுப்பு ஆசிரியைக்குப் போன் செய்து, எந்தப் பீரியடில் எழுந்து ஓடுகிறான் என்று ஒரு வாரம் குறித்துத் தரச் சொன்னேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசிக்கச் சொல்லும்போது ஓடினான். கணக்கை வாயால் கேட்டால் நின்று பதில் சொன்னான். கரும்பலகையில் உள்ள கணக்கைப் படித்துப் போடச் சொன்னால் ஸ்கேலை உடைத்தான். டிஸ்லெக்சியா. அறிவுத்திறன் சோதனையை ஆங்கிலத்தில் நடத்தியிருந்தார்கள். தமிழில், எழுத்தை வாசிக்கத் தேவையில்லாத பகுதிகளைக் கொண்டு மறுபடியும் செய்தபோது அவன் சராசரிக்கு மேலே இருந்தான்.

சான்றிதழ் வாங்கினார்கள். வாரம் மூன்று நாள் ஸ்பெஷல் எஜுகேட்டர். ஓட்டம் முழுதாக நிற்கவில்லை, பாதி குறைந்தது. மறுபரிசீலனைக்கு வந்த நாளில் அந்த அம்மா எழுந்து கதவு வரை போய்விட்டுத் திரும்பினார்.

"டாக்டர், இவனுக்கு ஒரு தங்கச்சி இருக்கா. ரெண்டாவது படிக்கிறா. அவளைப் பத்தி ஸ்கூல்ல ஒரு கம்ப்ளெயின்டும் இல்ல, ரொம்ப அமைதி. ஆனா, வாசிக்கச் சொன்னா பாத்ரூம் வருதுன்னு சொல்லிட்டுப் போயிடறாளாம். அதையும் உங்ககிட்ட சொல்லணுமா?"

அடுத்த செவ்வாய்க்கிழமை அவளை அழைத்து வரச் சொன்னேன். கூடவே, அவளுடைய மிஸ்ஸின் போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.